ஹாலோவீன் மாலையில் மிட்டாய் தீர்ந்துபோனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ அபார்ட்மெண்டை விட்டுத் தனி வீட்டுக்கு மாறியவர்கள் முதல் ஒன்றிரண்டு ஹாலோவீனில் கேட்கும் கேள்விகள் இவை. வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அக்டோபர் 31 மாலை வேடம் போட்ட பிள்ளைகள் வீடுவீடாக வந்து "ட்ரிக் ஆர் ட்ரீட்" (மிட்டாய் தராவிட்டால் குறும்பு) என்று கேட்பார்கள். அதனாலேயே அன்று நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கை உதறும். மிட்டாய் தீர்வதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. அந்தப் பதற்றத்தில் சமையலறைக்குள் ஓடி எதையாவது தூக்கிவந்து கொடுக்கிறோமே, அதில்தான் சிக்கல். இப்போதே வாசலில் ஆள் நிற்கிறது என்றால் முதல் இரண்டு கேள்வியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

மணி ஏழுதான் ஆகிறது. கிண்ணத்தில் கால்வாசிதான் மிச்சம். முதலில் என்ன செய்ய?

கிண்ணத்தை உங்கள் கையில் எடுங்கள். "எடுத்துக்கோ" என்று நீட்டினால் நாலு வயதுப் பிள்ளை எதை எடுப்பது என்று அரை நிமிடம் யோசித்து ஒன்றை எடுக்கும். அதன் பின்னால் நிற்கும் பத்து வயது அண்ணன் ஒரு கை அள்ளிக்கொண்டு படியிறங்கிவிடுவான். நீங்களே எடுத்துப் பையில் போட்டால் ஆளுக்கு ஒன்றோடு முடியும்.

கணக்கைப் பாருங்கள். 150 துண்டு இருக்கும் பெரிய பை, ஆளுக்கு மூன்று என்றால் 50 பிள்ளைகளுக்குத்தான் வரும். ஒன்று என்றால் 150 பேருக்கு வரும். பெரும்பாலான தெருக்களில் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில்தான் நெரிசல். எட்டு மணிக்கு மேல் குட்டிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும்.

ஒன்றே ஒன்று கொடுத்தால் கஞ்சத்தனமாகத் தெரியுமோ என்று யோசிக்க வேண்டாம். உடையைப் பார்த்து நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள், பிள்ளைக்கு மனசு நிறைந்துவிடும். "நீ என்ன வேஷம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். தெரியாவிட்டால் "அடேயப்பா, பயமா இருக்கே" என்றால் போதும், தேவதை வேடத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இன்னொன்று. "தயவுசெய்து ஒன்று மட்டும்" என்று காகிதத்தில் எழுதி ஒட்டி, கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போவது. அந்தக் காகிதத்தை மதிக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு. அவர்கள் வந்து சேரும்போது கிண்ணம் காலியாக இருக்கும்.

கடைக்கு ஓடலாமா? இந்நேரம் எங்கே கிடைக்கும்?

வாசலைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருந்தால் போகலாம். காஸ்ட்கோ, வால்மார்ட் பக்கம் போகாதீர்கள். வண்டி நிறுத்தவே கால்மணி நேரம் ஆகும். பக்கத்து சிவிஎஸ், வால்கிரீன்ஸ், டாலர் ட்ரீ, கனடா என்றால் ஷாப்பர்ஸ், டாலராமா, அதுவும் இல்லையென்றால் பெட்ரோல் பங்கில் இருக்கும் சின்னக் கடை.

உள்ளே போனதும் ஹாலோவீன் வரிசையைத் தேடிப் போகவேண்டாம். 31ஆம் தேதி மாலைக்கெல்லாம் அது காலியாகி, பாதித் தட்டுகளில் கிறிஸ்துமஸ் சாமான் ஏறியிருக்கும். மிச்சம் கிடப்பது யாரும் விரும்பாத கேண்டி கார்னாகத்தான் இருக்கும். வருஷம் முழுக்க மிட்டாய் வைத்திருக்கும் வழக்கமான வரிசைக்குப் போங்கள். அப்புறம் பள்ளி லஞ்ச் பாக்ஸுக்கான நொறுக்குத்தீனி வரிசை. சிப்ஸ், கோல்ட்ஃபிஷ் பிஸ்கட், ஃப்ரூட் ஸ்னாக்ஸ் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாக இருபது, முப்பது சேர்ந்த பெட்டியாகவே அங்கே கிடைக்கும். அங்கே அன்று கூட்டமே இருக்காது.

வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். இதை வெறும் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரையிலான விபத்துக் கணக்கை எடுத்துப் பார்த்து 2019இல் வந்த ஆய்வு ஒன்று, ஹாலோவீன் மாலையில் நடந்துபோகிறவர்கள் வண்டி மோதி இறக்கும் அபாயம் அந்த வாரத்தை ஒட்டிய மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்கிறது. கருப்பு அங்கி, முகமூடிக்குள் பாதி மறைந்த கண், சாலைக்கு அந்தப் பக்கம் முழுச் சாக்லேட் கொடுக்கும் வீடு. எப்போது குறுக்கே ஓடிவரும் என்று சொல்லவே முடியாது.

டெலிவரி ஆப்பில் வரவழைக்கலாமா?

ஐந்து மணிக்கு என்றால் சரி. ஏழு மணிக்கு ஆர்டர் போட்டால் எட்டரைக்கு வந்து சேரும், அதுவும் நீங்கள் கேட்ட ட்விக்ஸுக்குப் பதில் வேறு எதுவோ. மாற்றுப்பொருள் வேண்டாம் என்று குறித்துவிட்டுப் போடுங்கள்.

பக்கத்து வீட்டில் கேட்பது அசிங்கமா?

அசிங்கமே இல்லை. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் "யாரிடமாவது ஒரு பை உபரியாக இருக்கிறதா?" என்று போட்டுப் பாருங்கள். முட்டுச்சந்தின் கடைசி வீடு, விளக்கில்லாத வளைவுக்கு அப்பால் இருக்கும் வீடு, உயரமான படிக்கட்டு உள்ள வீடு, இங்கெல்லாம் பிள்ளைகள் அவ்வளவாக ஏறுவதில்லை. அவர்களிடம் இரண்டு பை பிரிக்காமலேயே இருக்கும். "அக்கா, ஒரு பை தாங்க, நாளைக்கே வாங்கித் தந்துடறேன்" என்று தெரிந்த தமிழ் வீட்டில் கேட்டால், கூடவே ஒரு டப்பா முறுக்கும் வந்து சேரும். முறுக்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது அடுத்தடுத்த பதில்களில்.

வீட்டில் இருப்பதில் எதையெல்லாம் கொடுக்கலாம்?

தொழிற்சாலையில் ஒட்டிய உறையில், தனித்தனியாக இருப்பது எதுவும் சரி. கிரானோலா பார், குட்டி சிப்ஸ் பாக்கெட், பாப்கார்ன் பாக்கெட், ஜூஸ் பெட்டி. ஜூஸ் பெட்டியைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஒரு மணி நேரம் நடந்து வியர்த்த பிள்ளைக்கு அது சாக்லேட்டைவிடப் பெரிது. கூட வரும் அப்பாவுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தால் அவர் முகத்தைப் பாருங்கள்.

இந்தியக் கடையில் வாங்கி வைத்ததும் உதவும். சின்னப் பார்லே-ஜி பொட்டலம், கேட்பரி எக்லேர்ஸ், மேங்கோ பைட். உப்பும் காரமும் உள்ளே ஒளிந்திருக்கும் பல்ஸ் மிட்டாயைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், முன்கூட்டியே எச்சரித்துவிட்டுக் கொடுங்கள். அதற்கென்றே மறுபடி வருகிற பையன்கள் உண்டு.

கூடாதவையும் சில உண்டு. ஹால்ஸ் நம் ஊரில் பெட்டிக்கடை மிட்டாய், அமெரிக்காவில் அது இருமல் மாத்திரை, மருந்து வரிசையில் விற்பது. பிள்ளை கையில் அதைப் பார்த்தால் பெற்றோருக்குத் தூக்கிவாரிப்போடும். காபி மிட்டாய் சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். விட்டமின் கம்மி (gummy, மெல்லும் மிட்டாய் வடிவ மாத்திரை), தூக்கத்துக்கான மெலடோனின் கம்மி, இவற்றைத் தொடவே தொடாதீர்கள். பார்க்க மிட்டாய் மாதிரி இருந்தாலும் இரண்டும் அளவு பார்த்துச் சாப்பிட வேண்டியவை. நாலு வயதுக்குக் கீழே என்றால் கெட்டி மிட்டாயும் முழுக் கடலையும் தொண்டையில் சிக்கும்.

கடலை மிட்டாய் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஸ்னிக்கர்ஸில் கடலை இருக்கிறதே, அதை எல்லோரும்தானே கொடுக்கிறார்கள் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் ஸ்னிக்கர்ஸின் உறையைத் தூரத்தில் பார்த்தாலே ஒவ்வாமை உள்ள பிள்ளையின் அம்மாவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். தமிழில் மட்டும் பெயர் அச்சடித்த கோவில்பட்டிப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தீபாவளிப் பலகாரம் நிறைய இருக்கிறது. லட்டு, மைசூர்பாகு கொடுத்தால் என்ன? வீட்டில் செய்தது, சுத்தமானது.

ஹாலோவீனும் தீபாவளியும் அடுத்தடுத்து வரும் ஆண்டுகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். 2024இல் இரண்டும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்றே வந்தன. வாசலில் ஒரு பக்கம் அகல், இன்னொரு பக்கம் பூசணிக்காய் என்று பல வீடுகள் இருந்தன.

டிஷ்யூ தாளில் சுற்றிய லட்டை அந்தப் பிள்ளை சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மா பையைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். உறை பிரிந்தது, உறையே இல்லாதது எல்லாம் நேரே குப்பைக்குப் போகும். இரண்டு மணி நேரம் நெய்யில் நின்று உருட்டியது அங்கே போய்ச் சேருவானேன்?

இந்த வழக்கத்துக்குக் கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் வீட்டில் சுட்ட குக்கீ, பாப்கார்ன் உருண்டை, ஆப்பிள் எல்லாம் சாதாரணமாகக் கொடுத்தார்கள். 1974இல் டெக்சஸ் மாநிலம் டீர் பார்க்கில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சயனைடு கலந்த பிக்ஸி ஸ்டிக்ஸ் (குழலில் அடைத்த இனிப்புப் பொடி) தின்று இறந்தான். கொடுத்தது யாரோ தெரியாத வீட்டுக்காரர் இல்லை. இன்ஷூரன்ஸ் பணத்துக்காகப் பெற்ற தகப்பனே செய்தது என்று வழக்கில் தீர்ப்பாகி, 1984இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது. 1982 செப்டம்பர் கடைசியில் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். ஹாலோவீனுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. நாடே மிட்டாய்ப் பையைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல பத்தாண்டுச் செய்திகளைத் துருவிப் பார்த்தும், முன்பின் தெரியாதவர் கண்டபடி விநியோகித்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு பிள்ளை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. பயத்துக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் பழக்கம் ஊறிவிட்டது. அதோடு இன்றைக்கு வாதாடி ஜெயிக்க முடியாது.

முந்திரி, நெய், கோதுமை என்று ஒவ்வாமைக் காரணமும் சேர்ந்துகொள்கிறது. உங்களுக்குப் பெயர் தெரிந்த, அப்பா அம்மாவோடு பழக்கமுள்ள பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். பெரியவர்கள் கையில் டப்பாவாகக் கொடுப்பது இன்னும் நல்லது.

மிட்டாய்க்குப் பதில் காசு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு குவார்ட்டரோ (25 சென்ட் நாணயம்) இரண்டோ கொடுத்தால் மகிழ்ச்சிதான். ஹாலோவீனில் காசு என்பது புதிதும் இல்லை. 1950இல் பிலடெல்பியாவில் தொடங்கி, ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃபுக்காகப் பிள்ளைகள் வீடுவீடாகச் சில்லறை வாங்கிய வழக்கம் உண்டு. கைக்குழந்தைக்கும் நடைபழகும் குழந்தைக்கும் காசு வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும்.

தின்பண்டமே இல்லாமல் வேறு ஏதாவது?

இதுதான் என் கணக்கில் மிகச் சிறந்த வழி, அதிலும் தமிழ் வீடுகளுக்கு. பிறந்தநாள் விழாவில் மிச்சமான ரிட்டர்ன் கிஃப்ட் பை ஒன்று எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கும். நவராத்திரி முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும் என்பதால் கொலுவுக்கு வந்த பிள்ளைகளுக்காக வாங்கியதும் கிடக்கும். பென்சில், அழிப்பான், ஸ்டிக்கர், எகிறும் ரப்பர் பந்து, சின்ன ப்ளே-டோ டப்பா. ஒளிரும் குச்சி இருந்தால் அதை முதலில் எடுங்கள். வளைத்து ஒடித்துக் கொடுத்தவுடன் பிள்ளை கையில் பச்சையாக எரியும், இருட்டில் வண்டிக்காரருக்கும் தெரியும். குங்குமச் சிமிழ், கண்ணாடி வளையல் வேண்டாம். தீபாவளிக் கம்பி மத்தாப்பு அறவே வேண்டாம்.

வாசலில் நீலப்பச்சைப் பூசணிக்காய் வைத்த வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். டென்னசியில் ஆரம்பித்து, உணவு ஒவ்வாமைக்கான ஃபேர் அமைப்பு 2014இல் நாடு முழுக்கக் கொண்டுபோன வழக்கம் அது. இந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பொருளும் உண்டு என்று பொருள். மிட்டாய் தீர்ந்து பென்சிலுக்கு மாறிய நீங்களும், தெரியாமலேயே ஒவ்வாமை உள்ள ஒரு பிள்ளைக்கு உதவியிருப்பீர்கள்.

என் பிள்ளைகள் வாங்கிவந்ததையே எடுத்துக் கொடுத்தால் தப்பா?

தப்பில்லை. பல வீடுகளில் நடப்பதுதான். கேட்காமல் எடுத்தால்தான் வம்பு.

வீட்டுக்கு வந்த பிள்ளை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். மிட்டாய் வாங்கிவந்த தலையணை உறையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் கார்பெட்டில் கொட்டும். ரீசஸ், கிட்கேட், ட்விக்ஸ் ஒரு குவியல். ஸ்கிட்டில்ஸும் ஸ்டார்பர்ஸ்ட்டும் இன்னொன்று. சோபா பக்கம் ஒதுக்கித் தள்ளுவது மூன்றாவது குவியல்: ஆல்மண்ட் ஜாய், டூட்ஸி ரோல், உலர்திராட்சைப் பெட்டி, யாரோ கொடுத்த பல்துலக்கி. பேரம் பேசவேண்டியது அந்த மூன்றாவது குவியலுக்கு மட்டும். "இதில் பத்து கொடு, நாளைக்குப் பாதி விலையில் நீ கேட்கும் பையை வாங்கித் தருகிறேன்" என்றால் பெரும்பாலும் படியும். முதல் குவியலின்மேல் கை வைத்தால் அந்த வருஷம் முழுக்க அது சொல்லிக்காட்டப்படும்.

ஒன்றுமே இல்லை. விளக்கை அணைத்தால் தெருவில் தப்பாக நினைப்பார்களா?

மாட்டார்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், எரியாவிட்டால் வரவேண்டாம். வட அமெரிக்கா முழுக்க எழுதப்படாத சட்டம் அது. மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடச் சொல்லித்தான் கூட்டிவருவார்கள். வேலைக்குப் போனவர், உடம்பு சரியில்லாதவர், இந்தக் கொண்டாட்டமே வேண்டாம் என்பவர், மிட்டாய் தீர்ந்தவர் எல்லோருக்கும் அதே இருட்டுதான். யாரும் காரணம் கேட்பதில்லை.

நாம்தான் மனசு கேட்காமல் விளக்கை எரியவிட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் கதவைத் திறந்து "சாரி" சொல்லிக்கொண்டிருப்போம். பிள்ளைக்கு அது இரட்டை ஏமாற்றம். படியேறி, மணியடித்து, கத்தி, அப்புறம் இல்லை என்று கேட்பதற்கு, இருட்டு வீட்டைத் தாண்டிப் போவதே மேல்.

அணைப்பதென்றால் முழுசாக அணையுங்கள். பூசணிக்குள் இருக்கும் விளக்கு, காற்றடைத்த பேய்ப் பொம்மை, புதரில் சுற்றிய ஆரஞ்சு சர விளக்கு எல்லாவற்றையும். முன்னறையில் டிவி ஓடினால் திரையை இழுத்துவிடுங்கள்.

அமெரிக்காவுக்கே மிட்டாய் தட்டுப்பாடான காலமும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் 1942 முதல் சர்க்கரை ரேஷன். 1947 நடுவில் அது நீங்கிய பிறகுதான் மிட்டாய் கேட்கும் வழக்கம் மறுபடி சூடுபிடித்தது.

அணைத்த பிறகும் மணி அடித்தால்?

திறக்காமலும் இருக்கலாம். திறந்தால், "வீ ஆர் ஆல் அவுட், ஹேப்பி ஹாலோவீன்" என்று சிரித்தபடி சொன்னால் போதும். விளக்கம் வேண்டாம், கிண்ணத்தைத் தலைகீழாகக் காட்டவும் வேண்டாம்.

"ட்ரிக்" என்று முட்டை அடிப்பார்களா?

அந்த வார்த்தை இன்று வெறும் வழக்கம். குறும்பு செய்கிற பையன்கள் மிட்டாய் கொடுத்த வீட்டையும் விடமாட்டார்கள். அப்படி எறிந்தால் காரில் பட்ட முட்டையை அன்றிரவே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், காய்ந்தால் பெயிண்ட் கெடும்.

மீசை அரும்பிய பையன்கள் எல்லாம் வருகிறார்கள். மிச்சம் கொஞ்சம்தான். கொடுக்கவேண்டுமா?

கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்து வைப்பதில் குற்றமில்லை. எட்டு மணிக்கு மேல் மிச்சம் இருந்தால் யார் வந்தாலும் கொடுங்கள். வர்ஜீனியா மாநிலம் செசபீக் நகரில் 12 வயதுக்கு மேல் மிட்டாய் கேட்டுப் போனால் சிறைத் தண்டனைக்கே இடமிருக்கும்படி ஒரு பழைய விதி இருந்தது. ஊர் சிரித்ததும் 2019இல் வயதை 14 ஆக்கி, சிறையை எடுத்துவிட்டார்கள். பதினைந்து வயதில் வேடம் போட்டுத் தெருவில் நடக்கிற பையன் அந்த நேரத்தில் செய்யக்கூடிய வேறு காரியங்களை நினைத்துப் பார்த்தால், ஒரு கிட்கேட் பெரிய செலவில்லை. உயரமாக இருப்பவர்கள் எல்லாம் பெரியவர்களும் இல்லை, பேசாத பிள்ளைகள் எல்லாம் மரியாதை தெரியாதவர்களும் இல்லை.

போன வருஷம் இதே அளவு வாங்கி மீந்தது. இந்த வருஷம் ஏன் தீர்ந்தது?

கிழமை ஒரு காரணம். வெள்ளி, சனி என்றால் மறுநாள் பள்ளி இல்லை, நடை நீளும். 2025இல் வெள்ளி, 2026இல் சனி. மழையோ கனடாவில் முதல் பனியோ பெய்தால் பாதிக் கூட்டம் வராது. புதிதாகக் கட்டிய, வீடுகள் நெருக்கமான, நடைபாதை உள்ள பகுதிக்கு வேறு ஊர்களிலிருந்து காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். பக்கத்தில் மூன்று வீடு இருட்டாக இருந்தால் அவர்கள் பங்கும் உங்கள் தலையில்தான்.

கடிகாரமும் சேர்ந்துகொண்டது. 2006 வரை அக்டோபர் கடைசி ஞாயிறே கோடைக்கால நேரத்தை முடித்து, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிடுவார்கள். 2007இலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு. அதனால் ஹாலோவீன் மாலையில் இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம், குட்டிகளும் கூடுதல் நேரம் வெளியே. விலையையும் சொல்லவேண்டும். ஐவரி கோஸ்ட், கானாவில் விளைச்சல் படுத்து, 2024 டிசம்பரில் கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. சாக்லேட் பையின் விலையைப் பார்த்து நீங்களும் ஒரு பை குறைத்தே எடுத்திருப்பீர்கள்.

அடுத்த வருஷத்துக்கு, இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று போனில் குறித்து வையுங்கள். கூடவே கிழமையும் மழை உண்டா இல்லையா என்பதும். அதற்கு மேல் ஒரு பை வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்தால், ரசீதோடு திருப்பித் தர முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடிக்காத மிட்டாயாகப் பார்த்து வாங்குவது நல்லது. அக்டோபர் 20ஆம் தேதி வாங்கிய ரீசஸ் 31 வரை எந்த வீட்டிலும் முழுசாக இருந்ததில்லை.

மறுநாள் பாதி விலைக்கு வாங்கி வைத்தால் அடுத்த ஹாலோவீனுக்கு ஆகுமா?

லாலிபாப், ஜாலி ராஞ்சர் மாதிரி கெட்டி மிட்டாய் உலர்ந்த இடத்தில் ஒரு வருஷம் தாங்கும், தேதியைப் பார்த்து எடுங்கள். சாக்லேட் பல மாதம் இருக்கும். மேலே வெள்ளையாகப் பூத்தால் கொழுப்போ சர்க்கரையோ வெளியே வந்திருக்கிறது, பூஞ்சை இல்லை, தின்னலாம். ஆனால் ஊரார் பிள்ளைக்குக் கொடுக்கிற அழகு இருக்காது. கடலையோ பாதாமோ உள்ளது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அடுத்த வருஷத்துக்கு வேண்டாம்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களுக்கு நவம்பர் 1 காலைதான் பெட்டிக்குச் சாக்லேட் வாங்கும் நாள். உறையில் பூசணிக்காயும் வௌவாலும் இருந்தால் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. துணிமணிக்கு நடுவில் வையுங்கள். ரீசஸை மட்டும் விட்டுவிடுங்கள். கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் கலந்த ருசி நம் பெரியம்மா, சித்தப்பாக்களுக்கு ஒத்துப்போவதில்லை. ஒரு கடி கடித்துவிட்டு "உப்பா இருக்கே" என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.